இடைவேளைக்குப் பிறகு தெலுங்கு

அன்று கொட்டகைக்குப் போனவர்கள் இவர்கள். நைனா. அம்மா. நைனாவின் தங்கை, அதாவது என் அத்தை. அத்தையைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வந்த மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளையின் தாய்மாமன். கடைசியாக நான். எனக்கு எட்டு வயது.

என் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. சினிமா நிற்கவில்லை. எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். ஏரிக்கரைக்குக் கீழே டூரிங் கொட்டகை இருந்தது. மேலே கீற்று, கீழே மணல். நடுவில் இடுப்பளவு மண்சுவர். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். பின்னால் இரண்டு வரிசை பெஞ்சு. மெஷின் ஒன்றுதான். அதனால் ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீல் மாட்டும் வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். யார் அழுகிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய கம்பெனிப் படம் எங்கள் ஊருக்கு வருவதற்குள் கிழடாகிவிடும். கீறல் விழுந்து திரையில் மழை பெய்துகொண்டே இருக்கும். மற்றபடி வருவதெல்லாம் சின்னக் கம்பெனிப் படங்கள். அவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்கிறேன், கேளுங்கள்.

ராஜா ராணிப் படம் என்றால் முதலில் தூணைப் பார்க்க வேண்டும். இந்த ராஜா அரண்மனையில் நிற்கும் அதே தூண் எதிரி ராஜா அரண்மனையிலும் நின்றால் கம்பெனியில் காசில்லை என்று அர்த்தம். அடுத்தது குதிரை. ஒரே குதிரைதான் வைத்திருப்பார்கள். நெற்றியில் வெள்ளை இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். காட்டுப் படம் ஒன்றில் புலி வந்தது. அதன் வயிற்றில் தையல் தெரிந்தது. அந்தப் புலியோடு ஒரு ஆள் ஒரு ரீல் முழுக்கக் கட்டிப் புரண்டான். அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன். அவன் ஒழுங்காகத்தான் புரண்டான். பேய்ப் படம் ஒன்று வந்தது. பேய்க்கு நிழல் விழுந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவள் கொட்டகையில் நான் ஒருத்திதான்.

அழுகைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அழுகிறவள் மூக்கைத் துடைக்கிறாளா பாருங்கள். கண்ணை மட்டும் துடைத்தால் அது நடிப்பு. மூக்கைத் துடைக்கிற நடிகையை நான் இதுவரை பார்க்கவில்லை.

அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவளுக்குப் பிடிக்காத படமே இல்லை. பெயர் போடும்போதே கண்ணைக் கசக்க ஆரம்பிப்பாள். புலி வந்தபோதும் அழுதாள். யாருக்காக என்று கேட்டேன். "புலிக்குத்தாண்டி" என்றாள். மறுநாள் கிணற்றடியில் பெண்கள் அத்தையைக் கேட்க மாட்டார்கள். என்னைத்தான் கேட்பார்கள். போகலாம் என்பேன், அல்லது வேண்டாம் என்பேன். என் பேச்சைக் கேட்டுத்தான் போனார்கள்.

அந்த வருஷம் எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று முடிவாகவில்லை. ஆந்திரா தனியாகப் போய்விட்டது. எல்லைக்கோடு எங்கள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. சத்திரத்துச் சுவரில் ஒருவர் தமிழில் எழுதுவார். மறுநாள் அதன் மேலேயே ஒருவர் தெலுங்கில் எழுதுவார். கொட்டகை மேனேஜர் புத்திசாலி. ஒரு வாரம் தமிழ்ப் படம், மறு வாரம் தெலுங்குப் படம் என்று ஓட்டினார். இரண்டு கட்சியும் சும்மா இருந்தது. நாங்கள் இரண்டு வாரமும் போனோம். படம் மாறியிருக்கிறது என்று பார்ப்போமே தவிர, பாஷை மாறியிருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. சந்தையில் நைனா வேஷ்டி விற்பது தெலுங்கில். தறியில் உட்கார்ந்து திட்டுவது தமிழில். மாட்டை அம்மா அதட்டுவது தெலுங்கில், என்னை அதட்டுவது இரண்டிலும்.

அத்தைக்கு இருபத்து மூன்று வயது ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அது அதிகம். இதற்கு முன்னால் மூன்று இடம் வந்து போனது. இரண்டு இடம் ஜாதகத்தில் தட்டியது. மூன்றாவது இடம் அரக்கோணத்துக்காரர்கள். எல்லை முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வேறு பெண் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து நைனா சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை தறிக்குழியில் இறங்கினால் ஏறுவதில்லை. படத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் வருவாள்.

அப்புறம் வந்ததுதான் ஆரணி இடம். புரட்டாசி சனிக்கிழமை. திருப்பதி மலைக்கு வேண்டுதலுக்குப் போனவர்கள், ரேணிகுண்டாவில் ரயில் மாறித் திரும்பும் வழியில் எங்கள் ஊரில் இறங்கிப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. முன்கூட்டியே ஆள் மூலம் ஒரு கேள்வி வந்தது. பெண் தமிழ்ப் பெண்தானே, வீட்டில் தெலுங்கு பேசுவார்களா என்று. மாப்பிள்ளையின் அம்மா அதில் கறாராம்.

நைனா சொல்லியனுப்பிவிட்டார், எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை தெலுங்கு வராது என்று.

அன்று காலையில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"த பாரு, அவங்க போற வரிக்கும் ஒரு வார்த்தை வரக்கூடாது. சாதம் போதும்னா போதும்னு சொல்லணும். சாலுன்னு சொல்லக்கூடாது."

"மாடு?" என்றாள் அம்மா.

"இன்னா மாடு?"

"மாட்டுக்குத் தமிழ் தெரியாதே."

"மாட்டைப் பேசாதே. அவுத்து ஏரிக்கு ஓட்டு." என் பக்கம் திரும்பினார். "நீ இன்னைக்கு ஒரு நாளிக்கு என்னை அப்பான்னு கூப்டணும். நைனான்னு கூப்டாதே."

"சரி, நைனா" என்றேன்.

அத்தை சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

மத்தியானம் வந்தார்கள். மாப்பிள்ளை மொட்டை, மேலே சந்தனம். தாய்மாமனும் மொட்டை. மாப்பிள்ளையின் அம்மா ஒல்லி. பார்வை மட்டும் கனம். அத்தை தட்டோடு வந்தாள், நமஸ்காரம் செய்தாள், உள்ளே போனாள். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தலையைத் தடவிக்கொண்டார். மொட்டை புதுசு, அதனால் என்று நினைத்தேன்.

தாய்மாமன்தான் பேசினார். "நாளைக்கே உங்க ஊரு அந்தப் பக்கம் பூட்சுன்னா?"

"ஊரு எங்க போனா இன்னா? நாங்க போவலியே" என்றார் நைனா. "எங்களுக்கு அந்தப் பாஷையே புரியாதுங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா சொன்னாள், "பாஷை மேல கோவம் ஒண்ணும் இல்லீங்க. என் வூட்ல நாலு வார்த்தை பேசறதுக்கு ஆளு வேணும். அதுக்குத்தான் கேட்டேன். பொண்ணு லட்சணமாத்தான் கீறா." ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று இழுக்காமல், காலையிலேயே தட்டு மாற்றிவிட்டுப் போகலாம் என்றாள். நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ராத்தங்கும் விருந்தாளியைக் கொட்டகைக்குக் கூட்டிப்போக வேண்டும். இல்லாவிட்டால் மரியாதை இல்லை. அன்று ஓடியது பெருமாள் படம், அதுவும் தமிழ் வாரம். மாப்பிள்ளையின் அம்மா மலையில் கூட்டத்தில் சாமியைச் சரியாகப் பார்க்கவில்லையாம். படத்திலாவது பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். முதல் ஆட்டத்துக்குப் போனோம்.

நைனா ஆண்களுக்குப் பெஞ்சு டிக்கெட் எடுத்தார். மாப்பிள்ளை, தரைதான் சௌகரியம் என்று சொல்லி மண்சுவர் ஓரமாக மணலில் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பெஞ்சில் உட்கார்கிறவர்களுக்குச் சினிமா தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் அத்தையும் நானும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மாவையும் என் அம்மாவையும் முன்னால் உட்கார வைத்தோம், கற்பூரம் காட்டத் தோதாக.

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ராஜா, ஒரு ராணி. சாபத்தால் ராஜா ராணியோடு பேச மாட்டான். ராணி பெருமாளை வேண்டுவாள். பெருமாள் மாட்டு வியாபாரி வேஷத்தில் வருவார். பெருமாள் உயரம் போதாது. கிரீடத்தை வைத்துச் சரிக்கட்டியிருந்தார்கள். மேகம் எல்லாம் பஞ்சு. நாங்கள் நூல்காரர்கள், எங்களுக்குப் பஞ்சு தெரியாதா? ராணி பரவாயில்லை, ஆனால் மூக்கைத் துடைக்கவில்லை. மாடு நன்றாக நடித்தது.

பெருமாள் முதல் தடவை வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா எழுந்து கற்பூரம் காட்டினாள். கொட்டகை முழுக்க கோவிந்தா போட்டது. இடைவேளை வந்தது. நைனா எல்லாருக்கும் வறுத்த வேர்க்கடலை வாங்கினார். நைனா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இடைவேளைக்குப் பிறகு படம் தெலுங்கில் ஓடியது.

இதை நான் மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கம்பெனி படத்தை இரண்டு பாஷையிலும் எடுத்திருக்கிறது. அதே ஆட்கள், அதே பஞ்சு. எங்கள் கொட்டகைப் பெட்டியும் பக்கத்து ஊர்க் கொட்டகைப் பெட்டியும் ரேணிகுண்டாவில் ஒன்றாக இறங்கியிருக்கின்றன. ரீல் வைத்த தகர டப்பாக்கள் பாதிக்குப் பாதி மாறிவிட்டன. பக்கத்து ஊரில் முதல் பாதி தெலுங்கு, பின்பாதி தமிழ். அங்கேயும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஊரிலும் யாரும் கேட்கவில்லை. விதூஷகன் ஏதோ சொன்னான், கொட்டகை சிரித்தது. நைனா பெஞ்சில் தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த விதூஷகன் போதாது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். சுவரைத் தாண்டிப் போனேன்.

"பாப்பா, அவன் இன்னா சொல்றான்?"

"யாரு?"

"அதோ, அந்த ராஜா."

எனக்கு ஆச்சரியம். ராஜா கத்திக்கொண்டுதான் இருந்தான். "ராஜா நடிப்பு சரியில்லை மாமா" என்றேன்.

"அது கெடக்கட்டும். இன்னா சொல்றான்னு உங்க அத்தையைக் கேட்டுக்கினு வா."

திரும்பச் சுவரைத் தாண்டி வந்து அத்தையைக் கேட்டேன். அத்தை என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "சாபம் தீந்தாத்தான் பேசுவேன்னு சொல்றான்னு போய்ச் சொல்லு" என்றாள்.

போய்ச் சொன்னேன்.

"அந்தம்மா எதுக்கு அழுவுதுன்னு கேளு."

இதுகூடவா கேட்கவில்லை என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மாப்பிள்ளைக்குக் காது கேட்காது. மத்தியானம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் தலையைத் தடவிக்கொண்டிருந்தாரே, இதற்குத்தான். பாவமாக இருந்தது. நான் கத்திச் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்தவன் என் தலையில் தட்டினான்.

"புருஷன் பேசலைன்னு அழுவுறாளாம்" என்று அத்தை சொன்னதைச் சொன்னேன்.

"பேசினா அழமாட்டாளான்னு கேளு."

அத்தை, "இன்னா பேசறான்னு பாத்துத்தான் சொல்லணும்னு சொல்லு" என்றாள்.

ரீல் முடிந்தது, விளக்கு போட்டார்கள். மாப்பிள்ளை இந்தப் பக்கம் பார்த்தார். அத்தை மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. எனக்கு அதுவே விசேஷமாகத் தெரிந்தது. ராணி அவ்வளவு அழுத ரீல் அது.

அடுத்த ரீலில் சக்கரச் சண்டை. நான் காத்திருந்ததே அதற்குத்தான். பெருமாள் சக்கரத்தை விடுகிறார், மாப்பிள்ளை என்னைக் கூப்பிடுகிறார்.

"ஆரணியில ரெண்டு கொட்டகை கீதுன்னு சொல்லு."

"இது படத்துல இல்லியே மாமா."

"நீ போய்ச் சொல்லு."

சொன்னேன். அத்தை கேட்டாள், "தரையா, பெஞ்சான்னு கேளு."

"அவங்க இஷ்டம்னு சொல்லு" என்றார் மாப்பிள்ளை.

இப்படியே சுவரின் இரண்டு பக்கமும் என்னை அலைய விட்டார்கள். சக்கரத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தார்கள் என்று மட்டும் பார்க்க முடிந்தது. கடைசி ரீலில் மாப்பிள்ளை, "உங்க அத்தைக்குப் படம் புடிச்சிதான்னு கேட்டுக்கினு வா" என்றார். கேட்டேன். "புடிச்சிதுன்னு சொல்லு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பாதிப் படத்தை அவளும் பார்க்கவில்லை. பார்க்காத படம் எப்படிப் பிடிக்கும்? அவரிடம் போய், "அவளுக்கு எல்லாப் படமும் புடிக்கும் மாமா, அதை நம்பாதீங்க. படம் மட்டம்" என்றேன்.

அதே நேரம் முன் வரிசையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா பிறகு பல தடவை சொல்லியிருக்கிறாள். பெருமாள் மறுபடி வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கற்பூரத்தோடு எழுந்தாள். பெருமாள் வாயைத் திறந்தார். அவள் அப்படியே நின்றாள்.

"இன்னாம்மா, சாமி தெலுங்கு பேசறாரு?"

அம்மா, "அப்டியா?" என்றாள்.

சொன்ன பிறகுதான் காது கொடுத்துக் கேட்டாளாம். கேட்டதும் வேர்க்கடலை தொண்டையில் நின்றுவிட்டதாம். அதற்கப்புறம் மாப்பிள்ளையின் அம்மா படத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஜனங்கள் சிரிப்பதையும் பெஞ்சில் நைனா தொடையைத் தட்டுவதையும்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம்.

வீட்டுக்கு வந்தோம். இலை போட்டும் மாப்பிள்ளையின் அம்மா உட்காரவில்லை.

"ஒரு வார்த்தை புரியாதுன்னீங்களே" என்றாள் நைனாவிடம். "அவ்ளோ சிரிச்சீங்களே, இன்னாத்துக்குச் சிரிச்சீங்க?"

நைனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "விதூஷகன் பேசினதுக்கு" என்றார்.

"எந்தப் பாஷையில பேசினான்?"

நைனா யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் வளையல் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

தாய்மாமன், "பொய் சொல்லிப் பொண்ணு குடுக்கக் கூடாதுங்க" என்றார். மூட்டையைக் கையில் எடுத்தார். காலை முதல் வண்டிக்கு ஸ்டேஷனிலேயே படுத்துக்கொள்கிறோம் என்றார்.

நைனா கையைக் கூப்பினார். நாலாவது இடமும் போகிறது என்று எனக்கே தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க மட்டும் உண்மை சொன்னீங்களா?" என்றேன். "மாமாவுக்குக் காது கேக்காது. அதை நீங்க சொல்லலியே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாருக்கு?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"இவருக்குத்தான். ராஜா கத்தறான், இவரு இன்னா சொல்றான் இன்னா சொல்றான்னு என்னைக் கேட்டுக்கினே இருந்தாரு. ராணி எதுக்கு அழுவுறான்னு கேட்டாரு. ஒண்ணுமே கேக்கலை. அத்தையைக் கேட்டுக்கினு வா, கேட்டுக்கினு வான்னு என்னைத் துரத்திக்கினே இருந்தாரு. நான் சக்கரச் சண்டையே பாக்கலை."

"செவிடா?" என்றார் நைனா. கூப்பிய கையை இறக்கினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை சொன்னாள். "செவிடா இருந்தா இருக்கட்டும்ணா."

மாப்பிள்ளை தலையைத் தடவினார். மறுக்கவில்லை. கதவைப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இவனா கேட்டான்? இன்னா சொல்றான்னு?"

"ஆமா."

"இடைவேளைக்கு அப்பறமா?"

"ஆமா. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் கேட்டுக்கினு இருந்துது."

அவள் மகனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தாய்மாமனுக்கு இருமல் வந்தது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் இருமினார். எனக்கு அது இருமல் போலத் தெரியவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மூக்கைப் பார்த்தேன்.

"இலையைப் போடுங்க, பசிக்குது" என்றாள் நைனாவிடம். "காலையில தட்டு மாத்திக்கலாம். வூட்டுக்குள்ள மட்டும் தமிழ் பேசட்டும், அது போதும்."

நைனா நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டார். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டார். நான் அவரை அப்பா என்று கூப்பிட மறந்து நைனா என்றேன். எங்க ஊர்லயும் நைனாதான் என்று தாய்மாமன் சொன்னார். அம்மா சாதம் பரிமாறினாள். மாப்பிள்ளையின் இலைக்குப் போகும்போது மட்டும் குனிந்து, காதுக்குப் பக்கத்தில், "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கத்தினாள்.

தை மாசம் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்தை முடித்தது நான்தான் என்று கிணற்றடியில் சொன்னேன். காது கேட்காதவனுக்கு வேறு யார் பெண் கொடுப்பார்கள், அதனால்தான் இறங்கி வந்தார்கள் என்று காரணமும் சொன்னேன். பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். பிறகு எல்லை முடிந்தது. திருத்தணி தமிழ்ப் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவில் நின்றது. அத்தை ஆரணியில் இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று எனக்கு அடுத்த தீபாவளிக்கே தெரிந்துவிட்டது. மலையில் மொட்டை போட்ட இடத்தில் காதில் தண்ணீர் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதினைந்து வயதில் ஆரணிக்குப் போயிருந்தேன். மாமா வீட்டு முன்கட்டுக் கடையில் இருந்தார். நெல்லூரிலிருந்து ஒரு நூல் வியாபாரி வந்திருந்தார். மாமா அவரோடு விலை பேசினார், சண்டை போட்டார், சிரித்தார். எல்லாம் தெலுங்கில். எங்கள் ஊர்த் தெலுங்கு இல்லை. சுத்தமான நெல்லூர்த் தெலுங்கு. நான் வாசலில் நின்று கேட்டேன். நைனாவுக்கு இவ்வளவு வராது.

வியாபாரி போன பிறகு கேட்டேன். "தெலுங்கு எப்போ கத்துக்கினீங்க மாமா?"

"நெல்லூர்ல நூல் கடையில இருந்தேன். சின்ன வயசிலியே அனுப்பிட்டாங்க."

"எப்போ?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலையைத் தடவிக்கொண்டார். இப்போது நிறைய முடி இருந்தது.

"எவ்ளோ வருஷம் இருந்தீங்க?"

அவர் நூல் கட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். உள்ளே தறியில் இருந்த அத்தை கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"ஒம்போது."